எந்தப் பக்கம் போனாலும் எண்பத்தைந்து

வேயினி, லாட்வியா
ஏப்ரல் 11, 2010

அன்புள்ள அண்ணா,

நானும் லீபாவும் சுகம். குளிர்காலம் முழுக்க அவளைப் பிடித்திருந்த இருமல், பிர்ச் மரத்தில் சாறு இறங்கத் தொடங்கியதும் விட்டுப் போயிற்று. தினம் ஒரு குவளை குடிக்கிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அயர்லாந்து ஈரம் அதற்கு ஆகவில்லை என்று எழுதியிருந்தாயே, நான் பின்னி அனுப்பிய கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா?

நீ அனுப்பும் முப்பது லாட்ஸ் மாதம் தவறாமல் பாங்கில் வந்து விழுகிறது. ஊராட்சி அலுவலகத்தில் உதவித்தொகைக் கணக்குப் பார்க்கும் தெக்லா அக்கா அந்த வரியில் விரலை வைத்து, "உங்க அண்ணனுக்கு எவ்வளவு பாசம் பாரேன்" என்றாள். பிறகு அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். நம் படகுத்துறை முனையில் வானிலைக் குடிசை இருக்கிறதல்லவா? அதைப் பார்த்துக்கொள்ளும் ஓட்டோமார்ஸ் பெரியவர் இலையுதிர் காலத்தில் மகளோடு இருக்க ரீகாவுக்குப் போகிறார். போன வாரம் என்னை வழியில் நிறுத்தினார்.

"மீன் டப்பா ஃபாக்டரி மூடி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் எத்தனை நாள் ஜன்னல் வழியாவே கடலைப் பார்ப்பே? என் இடத்துக்கு வா."

"சம்பளம் எவ்வளவு?"

"அதைச் சொன்னா நீ வர மாட்டே. அதான் முதல்ல கடலைச் சொன்னேன்."

காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் வேலை. கயிறு கட்டிய வாளியில் கடல்நீர் மொண்டு தெர்மாமீட்டரை விட வேண்டும். காற்றைக் குறிக்க வேண்டும். பிறகு குடிசை வாசலில் நின்று கண் எவ்வளவு தூரம் போகிறது என்று எழுத வேண்டும். அதற்கு மூன்று அடையாளங்கள்: துறையின் விளக்குத் தூண், பாறைத் திட்டில் ஆடும் சிவப்பு மிதவை, அதற்கும் அப்பால் எதிர்க்கரைத் தீவு. கதவில் ஒரு அட்டை ஆணியடித்திருக்கிறது: "கண்ணில் பட்டதை எழுது. அங்கே இருக்கிறது என்று தெரிந்ததை எழுதாதே."

இனி கணக்கு. இப்போது எங்களுக்கு உதவித்தொகை எண்பத்தைந்து லாட்ஸ்: எனக்கு நாற்பது, லீபாவுக்கு நாற்பத்தைந்து. (என்னைவிட ஐந்து லாட்ஸ் உசத்தி என்று அவளுக்கு ஒரே பெருமை.) உதவித்தொகை வாங்கும் வீடுகளுக்குக் குளிர்கால விறகும் ஊராட்சியே இறக்கிவிடும். வானிலை வேலையோ அரை நேர வேலை. பிடித்தம் போகக் கையில் எழுபத்தைந்து. வேலைக்குப் போய்ப் பத்து லாட்ஸ் குறைவாக வாங்குவதா? ஆகஸ்டு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஆறு வருடமாக வெளிநாட்டில் உழைத்துச் சாப்பிடுகிறவன் நீ. நீ சொன்னால் சரியாக இருக்கும். காளான் பண்ணையில் வேலை எப்படிப் போகிறது? ஜன்னலே இல்லாத கொட்டகைகள் என்றாய். கண்ணைப் பார்த்துக்கொள்.

லீபா மாமாவுக்கு முத்தம் வைத்திருக்கிறாள்.

உன் தங்கை
விஸ்மா


பாலிகரன், அயர்லாந்து
ஏப்ரல் 28, 2010

அன்புத் தங்கை விஸ்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்கால் மழைக்கு முந்தின நாள் மட்டும் பேசும், மற்ற நாட்களில் வாயைத் திறப்பதில்லை. மருமகளின் இருமல் போனது நல்ல செய்தி.

உன் கடிதம் வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஐஸ்லாந்தில் எரிமலை கக்கிய சாம்பலால் விமானமே பறக்கவில்லை என்றார்கள். அது எனக்கு ஒருவிதத்தில் நன்றாகவே இருந்தது. கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆற்றுமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். வானத்தில் ஒரு கோடுகூட இல்லை. சேற்றில் ஒரு சாம்பல் நாரை ஒற்றைக் காலில் நின்றது. நானும் நின்றேன். தண்ணீர் மெல்ல மெல்ல வற்றிப் போயிற்று. இங்கே கடல் நாளுக்கு இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறது. நம் கடலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, போட்ட இடத்தில் கிடக்கும்.

உன் கேள்விக்கு வருகிறேன். போய்ச் சேர், விஸ்மா. வேலை என்றால் வேலைதான். தெக்லாவின் மேசை முன்னால் நிற்பதைவிடக் காற்றுக்கு முன்னால் நிற்பது மேல். கணக்கும் ஒன்றும் பெரிதில்லை. இப்போது எண்பத்தைந்தோடு என் முப்பது சேர்ந்து நூற்றுப்பதினைந்து. வேலைக்குப் போனால் எழுபத்தைந்தோடு முப்பது, நூற்றைந்து. குறைகிற பத்தையும் நானே சேர்த்து அனுப்பிவிடுகிறேன். அண்ணன் எதற்கு இருக்கிறேன்?

காளானைப் பற்றிக் கேட்டாய். காளான் காளானாகத்தான் இருக்கிறது.

லீபாவுக்கு ஒரு நாரை இறகு வைத்திருக்கிறேன்.

அன்புடன்
இந்துலிஸ்


வேயினி
மே 23, 2010

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சுகம். இறகு லீபாவின் புத்தகத்துக்குள் போய்விட்டது. எந்தப் பக்கம் படித்தாலும் அதே பக்கத்தில்தான் திறக்கிறது.

பத்து லாட்ஸ் சேர்த்து அனுப்பாதே. தயவுசெய்து அனுப்பாதே. வேண்டாம் என்றால் வேண்டாம், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

தெக்லா அக்காவிடம் போயிருந்தேன். அவள் நல்லவள்தான், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் எனக்காகக் கணக்குப் போட்டாள். கடைசியில் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"நீ வேலைக்குப் போனாலும் எண்பத்தஞ்சு, போகாட்டியும் எண்பத்தஞ்சு. எந்தப் பக்கம் போனாலும் எண்பத்தஞ்சுலதான் வந்து நிக்குது. மூணு தடவை போட்டுட்டேன்."

"அது எப்படிக்கா, எழுபத்தஞ்சுதானே சம்பளம்?"

"மிச்சத்தைச் சட்டம் ரொப்பும். அதிகமாச்சுன்னா சட்டமே வழிச்சு எடுத்துக்கும்."

"அப்போ நான் எதுக்கு யோசிக்கணும்?"

"அதையும் நானே சொல்லணுமா? எனக்கு மதியம் மீட்டிங் இருக்கு."

இந்த வாரம் ஓட்டோமார்ஸ் பெரியவர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். ஐந்து நாள் அவருக்குப் பதிலாக நான்தான் குடிசையில். முதல் நாள் மூடுபனி. விளக்குத் தூண் மட்டும் தெரிந்தது, அதுவும் கீழ்ப்பாதிதான். மிதவை அங்கேதான் இருக்கும், பிறந்ததிலிருந்து பார்க்கிற மிதவை. பேனாவை எடுத்துவிட்டேன். அட்டையைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். "மிதவை: தெரியவில்லை" என்று எழுதியதும் ஏனோ நெஞ்சு லேசாயிற்று. வாளியில் வந்த தண்ணீர் எட்டு டிகிரி.

நீ எழுதிய நாரையை நானும் இரண்டு நாளாகக் கனவில் பார்க்கிறேன். ஆனால் அண்ணா, செவ்வாய்க்கிழமை பண்ணைக்கு லீவா?

முழங்காலைப் பார்த்துக்கொள்.

விஸ்மா


பாலிகரன்
ஜூன் 20, 2010

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ கவலைப்படாதே. இன்னும் மூன்று நாளில் நடுக்கோடைப் பண்டிகை, ஊரில் எல்லாரும் ஓக் இலை மாலை கட்டிக்கொண்டிருப்பீர்கள். சீரகம் போட்ட பாலாடைக்கட்டியை நினைத்தால் இங்கே வாய் ஊறுகிறது.

நீ வேலையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்குத் தெரிந்த ஒருவனின் கதை நினைவுக்கு வந்தது. லிதுவேனியாக்காரன், நல்ல மனிதன். அவன் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். இங்கே வேலையில்லாதவனுக்கு அரசு வாரத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு யூரோ கொடுக்கிறது. அதில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது நூலா என்றொரு அம்மாள் அவனைக் கூப்பிடுகிறாள். ஆற்றுமுகத்தில் அவளுக்குச் சிப்பிப் பண்ணை. கடல் நன்றாக வற்றும் நாட்களில் இரும்புச் சட்டங்களின் மேல் சிப்பி மூட்டைகள் வெளியே தெரியும். நடந்து போய் ஒவ்வொன்றையும் உதறித் திருப்பிப் போட வேண்டும்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாளாம்.

"தெரியாதுங்க."

"ரொம்ப நல்லது. நீச்சல் தெரிஞ்சவன் தண்ணி ஏறுறதைப் பார்த்துக்கிட்டே நிப்பான். தெரியாதவன் நேரத்துக்குக் கரைக்கு வந்துடுவான்."

சிக்கல் எங்கே என்றால், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஐந்தைந்து நாள்தான் கடல் அவ்வளவு தூரம் வற்றும். அதுவும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். கூலி முப்பது யூரோ. அவன் உதவித்தொகை ஜன்னலில் போய்க் கேட்டிருக்கிறான்.

"ஒரு மணி நேரம் செஞ்சாலும் அது வேலை நாள்தான். அன்னிக்குள்ள முப்பத்தொன்பது யூரோ போயிடும்."

"மூணு மணி நேரத்துக்கு மேல கடல் தர மாட்டேங்குதுங்க."

"கடல் எங்க ஆபீஸ்ல பதிவு பண்ணலையே."

ஆக, வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒன்பது யூரோ நஷ்டம். நிலா பார்த்து அவன் பணத்தை வெட்டுகிறார்கள். நீயாக இருந்தால் அவனுக்கு என்ன சொல்வாய்? சும்மா, ஒரு எடுத்துக்காட்டுக்காகக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நல்ல வெயில். சிப்பி மூட்டைகள் வரிசை வரிசையாக, கடலுக்குள் யாரோ விதைத்துவிட்டுப் போன வயல் மாதிரி மின்னின.

உன் அண்ணன்
இந்துலிஸ்


வேயினி
ஜூலை 4, 2010

அன்புள்ள அண்ணா,

பண்டிகை நன்றாக நடந்தது. லீபா நெருப்பைத் தாண்டினாள், பாவாடை ஓரம் கொஞ்சம் கருகியது. மற்றபடி சுகம். இப்போது இங்கே பொழுது சாய்வதே இல்லை. கடலும் வானமும் ஒரே பால் நிறத்தில் கிடக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று ஓட்டோமார்ஸ் பெரியவருக்கே தெரிவதில்லை. சனிக்கிழமை காலை அவருக்குப் பதிலாக நான் குடிசையில் இருந்தபோது தீவு தெரிந்தது. தண்ணீரிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கி வைத்த மாதிரி மிதந்தது. எழுதினேன்.

உன் லிதுவேனியாக்காரனைப் பற்றி யோசித்தேன். ஒன்பது யூரோ நஷ்டம் என்பது சரிதான். ஆனால் வேலைக்குப் போகாத நாட்களில் அந்த மனிதர் என்ன செய்கிறார்? கரையில் நின்று அந்த மூட்டைகளைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்? அப்படியானால் ஏற்கெனவே பாதி வேலைக்குப் போய்விட்டார், கூலிதான் வரவில்லை. இதை அவரிடம் சொல்.

நீ கேட்டால் இன்னும் நிறையச் சொல்வேன். உன்னிடம் நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் நண்பருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

விஸ்மா


வேயினி
ஆகஸ்டு 8, 2010

அன்புள்ள அண்ணா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமாகத்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த மாதமும் முதல் திங்கட்கிழமை முப்பது லாட்ஸ் வந்தது. முழங்காலைப் பற்றிக் கேட்டது உன்னைக் குத்தியிருந்தால் மன்னித்துவிடு.

நான் துருவித் துருவிக் கண்டுபிடிக்கவில்லை, அண்ணா. லீபா உன் கடிதங்களை வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன், அவ்வளவுதான். செவ்வாய் பதினொரு மணி நாரை. வெள்ளி மூன்று மணி வெயில். அதற்கு முந்திய நவம்பர் கடிதத்தில் புதன்கிழமை மதிய மழை, பாலத்தின் கீழ் ஒதுங்கியது. ஜன்னல் இல்லாத கொட்டகையிலிருந்து இதெல்லாம் தெரியாது. கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறாய். பொய் ஒன்றுகூட எழுதவில்லை. எனக்கு அது போதும்.

இனி என் முறை. ஒரு வாளியை எடுத்துக்கொள். அதன் உள்பக்கம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோடு எண்பத்தைந்து. வாளி காலியாக இருந்தால் ஊராட்சி கோடு வரைக்கும் நிரப்பும். நீ உன் குவளையால் முப்பது ஊற்றினால் ஊராட்சி ஐம்பத்தைந்து மட்டும் ஊற்றும். தண்ணீர் அதே கோட்டில்தான் நிற்கும். போன அக்டோபரிலிருந்து பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். அன்றிலிருந்து உன் முப்பதைக் கழித்துக்கொண்டுதான் தருகிறார்கள். நீ அனுப்பினாலும் எண்பத்தைந்து, அனுப்பாவிட்டாலும் எண்பத்தைந்து.

வேலைக்குப் போனால்? சம்பளம் எழுபத்தைந்து, கோட்டுக்குப் பத்துக் குறைவு. அந்தப் பத்தை ஊராட்சி ஊற்றும், நான் பட்டியலில் இருப்பேன், விறகு வந்துவிடும். ஆனால் நீ முப்பது அனுப்பினால் வாளி கோட்டைத் தாண்டி நூற்றைந்துக்குப் போய்விடும், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். விறகை நானே வாங்க வேண்டும். வருட விறகைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் இருபது. மறுபடியும் எண்பத்தைந்து! தெக்லா அக்கா சொன்னது இதுதான். இதை உனக்கு எழுதக் கை வரவில்லை. உன் பணம் இங்கே வந்து எதையும் தொடாமல் போகிறது என்று எப்படி எழுதுவேன்?

அதுவும் எந்தப் பணத்திலிருந்து அனுப்புகிறாய் என்று இப்போது தெரிந்த பிறகு, ராத்திரி சாப்பிட என்ன வைத்திருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அனுப்பாதே, அண்ணா. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உன் கடிதம் வேண்டும். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது.

விஸ்மா


பாலிகரன்
ஆகஸ்டு 21, 2010

விஸ்மா,

உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன். உருளைக்கிழங்கும் முட்டையும். முழங்கால் என்னுடையதுதான், லிதுவேனியாக்காரனுடையது அல்ல.

பண்ணையைப் போன ஆகஸ்டிலேயே மூடிவிட்டார்கள். ஒரு வருடமாகிறது. உனக்கு எழுதாததற்குக் காரணம் கேட்காதே. ஒவ்வொரு தடவையும் எழுத உட்கார்ந்தேன், நாரையைப் பற்றி எழுதி முடித்தேன்.

நீ சொன்னதை மறுபடி மறுபடி படித்தேன். போன அக்டோபரிலிருந்து இந்த ஆகஸ்டு வரை பதினொரு மாதம். முந்நூற்று முப்பது லாட்ஸ். வேயினி ஊராட்சிக்கு இவ்வளவு பெரிய நன்கொடை கொடுத்தவன் வேறு யார்? தெக்லாவிடம் சொல், அலுவலக வாசலில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கட்டும். இதை எழுதும்போது சிரித்தேன். அதற்கு முன்னால் இரண்டு நாள் சிரிக்கவில்லை.

அனுப்பாதே என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு பாங்குக்குப் போவேன். அங்கே இருக்கும் பெண், "தங்கச்சிக்கா?" என்பாள். "ஆமாம், தங்கச்சிக்கு" என்பேன். அந்த ஒரு நாள் இந்த ஊரில் நான் வேலையில்லாதவன் இல்லை. இனி முதல் திங்கட்கிழமை நான் எங்கே போவேன்?

அந்த வேலையைப் பற்றி நான் ஏப்ரலில் சொன்னது அண்ணன் என்ற மிதப்பில் சொன்னது. இப்போது தெரியாது என்றுதான் சொல்வேன். எனக்கே முடிவெடுக்கத் தெரியாமல் நூலாவைக் கண்டால் சந்து மாறிப் போகிறேன். நீ உனக்குச் சரி என்று பட்டதைச் செய். லீபாவுக்கு ஒன்றும் சொல்லாதே.

இந்துலிஸ்


வேயினி
செப்டம்பர் 5, 2010

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தெக்லா அக்கா கேட்டாள், "கடைசியா எப்படி முடிவு பண்ணினே? கணக்கு எல்லாப் பக்கமும் சமமாத்தானே இருந்துச்சு?"

"அதனாலதான்க்கா."

"என்ன அதனாலதான்?"

"பணம் ஒரு பக்கம் இழுத்திருந்தா அந்தப் பக்கம் போயிருப்பேன். அது எந்தப் பக்கமும் இழுக்கல. அப்புறம்தான் எனக்குப் பிடிச்சது எதுன்னு கண்ணுக்கே தெரிஞ்சுது."

அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள், திரும்பச் செருகினாள். "இதுக்கு என் ஃபாரத்துல கட்டம் இல்ல" என்றாள்.

காலையில் குடிசைக்குப் போகும்போது மணலில் என் கால் தடம்தான் முதல் தடம். ஃபாக்டரியில் இருந்தபோது மணி அடித்தால் ஓடுவேன். அது மூடிய பிறகு இரண்டு வருடம் எங்கேயும் போகவில்லை. இப்போது ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. காற்றுக்குப் பெயர் கொடுத்து எழுதுகிறேன். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் மீன்பிடிப் படகுகள் கிளம்புகின்றன. மூன்று படகு, மொத்தம் ஏழு பேர்.

முதல் திங்கட்கிழமை எங்கே போவது என்று கேட்டாய். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போ. அங்கேயும் ஒரு பெண் இருப்பாள், "தங்கச்சிக்கா?" என்று அவளும் கேட்பாள். எனக்கு அந்த ஆற்றுமுகம் வேண்டும், அண்ணா. ஊராட்சி அதைக் கழித்துக்கொள்ள முடியாது.

லீபாவுக்குச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். "அப்போ மாமாவுக்கு நிறைய நேரம் இருக்கும், நிறைய எழுதச் சொல்லும்மா" என்றாள். அவ்வளவுதான்.

விஸ்மா


பாலிகரன்
அக்டோபர் 12, 2010

அன்புத் தங்கைக்கு,

நலம். முழங்கால் குளிர்ந்த தண்ணீரில் நின்றால் வலிக்கவில்லை, வெளியே வந்த பிறகுதான் வலிக்கிறது. ஆகவே தண்ணீரிலேயே நிற்கிறேன்.

ஆமாம், போய்விட்டேன். செப்டம்பர் பௌர்ணமிக்கு ஒரு தடவை, இந்த அமாவாசைக்கு ஒரு தடவை. நூலா என்னைச் சந்தில் மடக்கிப் பிடித்துவிட்டாள்.

"என்னைப் பார்த்து ஏன்யா ஒளியறே? கடன் வாங்கினியா?"

"ஒன்பது யூரோ நஷ்டம்மா, ஒரு நாளைக்கு."

"சினிமாவுக்குப் போனா எவ்வளவு?"

"ஒன்பது."

"அப்புறம் என்ன? இங்க படம் மூணு மணி நேரம், நடிக்கவும் விடுறேன்."

போனேன். நிலா சொன்ன நேரத்துக்குக் கடல் எழுந்து போய்விடுகிறது, விஸ்மா. நேற்று வரை தண்ணீர் இருந்த இடத்தில் நான் நடக்கிறேன். அடியில் நண்டு ஓடும் சத்தம் கேட்கிறது. மூட்டையைத் தூக்கி உதறினால் உள்ளே சிப்பிகள் சரிகின்றன, கூழாங்கல் மழை மாதிரி. நூலா கையைத் தட்டியதும் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தை மறுபடி கடல் மூடியிருக்கும். வேலை செய்த நாட்களை அட்டையில் கறுப்பாக அடித்து உதவித்தொகை ஜன்னலில் கொடுக்கிறேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "நீங்க என்ன, நிலாவுக்கா வேலை செய்றீங்க?" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிப்பி தரம் பிரிக்க ஆறு வாரம் முழு வேலை இருக்கிறதாம். அப்போது அந்த ஜன்னலுக்குப் போக வேண்டியதில்லை. அதற்குப் பிறகு என்ன என்று நூலாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உனக்கு அனுப்பாத பணம் இந்த நஷ்டத்தில் பாதியை அடைத்துவிடுகிறது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் திங்கட்கிழமை பாங்க் வாசல் வரைக்கும் போனேன். நின்றேன். சாலையைத் தாண்டித் தபால் ஆபீசுக்குள் நுழைந்தேன். ஒரு பார்சல் வரும். தொடை வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ், நூலா கொடுத்த பழையது. இடது காலில் நானே ஒட்டுப் போட்டிருக்கிறேன். படகுத்துறையில் பனி உறைந்ததும் வாளி மொள்ளும்போது வழுக்கும், போட்டுக்கொள்.

இந்துலிஸ்


வேயினி
நவம்பர் 21, 2010

அன்புள்ள அண்ணா,

சுகம். விறகு வந்து இறங்கிவிட்டது, நானும் லீபாவும் அடுக்கி முடித்தோம். நீ முழங்காலுக்கு இரவில் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

பூட்ஸ் வந்தது. தபால்காரன் பார்சலை ஊராட்சி அலுவலகத்திலேயே வைத்துவிட்டான். தெக்லா அக்கா மேசைமேல் வைத்துப் பிரிக்கச் சொன்னாள்.

"விஸ்மா, இது வருமானமா?"

"பூட்ஸ்க்கா."

"தெரியுது. விலை?"

"இடது கால் ஓட்டை. ஒட்டுப் போட்டிருக்கு."

அவள் கையை உள்ளே விட்டு ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்லா ஒட்டியிருக்கான்" என்றாள். பிறகு ஃபாரத்தை மூடிவிட்டு, "வருமானம் இல்ல. எடுத்துட்டுப் போ" என்றாள். வலது காலின் நுனியில் ஒரு சிப்பி ஓடு கிடந்தது. அதை நான் அவளுக்குக் காட்டவில்லை.

லீபா சமையலறையில் நிலா காலண்டர் மாட்டியிருக்கிறாள். பௌர்ணமி, அமாவாசை வட்டங்களுக்குப் பக்கத்தில் "மாமா கடலுக்குள்" என்று எழுதி வைத்திருக்கிறாள். இன்று பௌர்ணமி. தரம் பிரிக்கும் வேலை தொடங்கியிருந்தாலும் இன்றைக்கு உன்னைக் கடலுக்குள்தான் அனுப்பியிருப்பார்கள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு துறை முனையில் நின்றேன். எனக்குப் பெரிது, உள்ளே இரண்டு ஜோடிக் காலுறை. வழுக்கவில்லை. தண்ணீர் ஐந்து டிகிரி. காற்று மேற்கிலிருந்து, மெலிதாக. விளக்குத் தூண் தெரிந்தது. மிதவை தெரிந்தது. தீவு தெரியவில்லை. அதற்கும் அப்பால் எங்கோ கடல் எழுந்து போன தரையில், நிலாவுக்கு வேலை செய்துகொண்டு நீ நின்றிருப்பாய். நீயும் தெரியவில்லை.

விதி விதிதான். ஏட்டில் உன்னை எழுதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உன்
விஸ்மா